ரெண்டு டீம் பிரிச்சுவிட்டா டீம் ஒர்க் வந்துடுமா? தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் கூடி விளையாடக் கற்பது எப்படி?

மதியம் கடைசி பீரியட். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேர் மைதானத்தில் நிற்கிறார்கள். இருப்பது ஒரே ஒரு பந்து. "ரெண்டு டீமா பிரிஞ்சு விளையாடுங்க" என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் வேப்பமரத்தடியில் நோட்டுத் திருத்த உட்காருகிறார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், பந்து ஆறேழு பையன்களின் காலடியில் மட்டும்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. பத்துப் பேர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பெண் பிள்ளைகள் சிலர் தனியாகக் கோடு போட்டு நொண்டி ஆடுகிறார்கள். இரண்டு பேர் சண்டை போட்டு "டூ" விட்டாச்சு. மணி அடிக்கிறது. அன்றைய 'குழு விளையாட்டு' முடிந்தது.

தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இது புதிய காட்சி இல்லை. கேள்வி என்னவென்றால், இந்த 40 நிமிடத்தில் யாராவது குழுவாக இயங்கக் கற்றுக்கொண்டார்களா? அந்த ஆறேழு பேர்கூடக் கற்றிருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஓரமாக நின்றவர்கள் மட்டும் ஒரு பாடத்தைத் தெளிவாகக் கற்றிருப்பார்கள்: 'இது நமக்கானது இல்லை.'

விளையாட விட்டாலே குழந்தைகளுக்கு ஒற்றுமை வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது பாதி உண்மை. எந்த விளையாட்டு, யார் யாரோடு, எந்த விதியோடு, முடிந்த பிறகு என்ன பேச்சு என்பதைப் பொறுத்துத்தான் மீதிப் பாதி அமைகிறது. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்?

முதல் காரணம், உலகம் இதை அளக்கத் தொடங்கிவிட்டது. 15 வயது மாணவர்களின் கணக்கு, அறிவியல், வாசிப்புத் திறனைச் சோதிக்கும் பீசா தேர்வு, 2015-ல் முதன்முறையாக 'சேர்ந்து சிக்கலைத் தீர்க்கும் திறன்' என்ற ஒன்றையும் சோதித்தது. 52 நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் அதில் பங்கேற்றன. சிங்கப்பூர் முதலிடம். கணக்கில், அறிவியலில் நாட்டுக்கு நாடு ஆண் - பெண் வித்தியாசம் மாறுகிறது. இந்தத் திறனில் மட்டும், பங்கேற்ற அத்தனை இடங்களிலும் பெண் பிள்ளைகளே முன்னால் இருந்தார்கள். உச்ச நிலையை எட்டியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்தச் சுற்றில் இந்தியா கலந்துகொள்ளவில்லை.

இரண்டாவது காரணம், விளையாட்டு என்பது சலுகை இல்லை, உரிமை. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-லேயே அதை ஏற்றுக்கொண்டது. 2024 முதல் ஜூன் 11-ஆம் தேதியைச் சர்வதேச விளையாட்டு நாளாகவும் ஐ.நா. அறிவித்திருக்கிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வேர்க்க இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

மூன்றாவது காரணம் இன்னும் நெருக்கமானது. முன்பு தெருவே இந்தப் பாடத்தை நடத்தியது. பள்ளி விட்டு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினால், ஆறு வயசுப் பொடிசு முதல் பதினாலு வயசு அண்ணன் வரை ஒரே கூட்டமாக ஆடினார்கள். இப்போது தெருவில் கார் நிற்கிறது. அபார்ட்மென்ட் வாசலில் 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று போர்டு தொங்குகிறது. மாலை நேரம் டியூஷனுக்கும் செல்போனுக்கும் போய்விட்டது. ஆக, சேர்ந்து விளையாடும் வாய்ப்பு நிறைய குழந்தைகளுக்குப் பள்ளியில் மட்டும்தான் மிச்சம். அங்கேயும் அது கிடைக்காவிட்டால் வேறெங்கும் கிடைக்காது.

எந்த வயதில் என்ன வரும்?

ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் ஒத்துழைப்பை எதிர்பார்ப்பதுதான் பெரியவர்கள் செய்யும் முதல் தவறு.

அமெரிக்காவின் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-ல் வெளியிட்ட ஆய்வு, மழலைப் பள்ளிக் குழந்தைகள் விளையாடும் விதத்தைப் படிநிலைகளாகப் பிரித்தது. முதலில் குழந்தை தனியாக விளையாடும். அடுத்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆனால் அவரவர் மண் வீட்டை அவரவர் கட்டும். அதற்கடுத்து, பொருளைக் கொடுத்து வாங்கும், பேசிக்கொள்ளும். கடைசியாகத்தான் 'நீ தண்ணி கொண்டு வா, நான் சுவர் கட்டறேன்' என்று வேலையைப் பிரித்து ஒரே வீட்டைக் கட்டும் நிலை வருகிறது. வயது கூடக் கூட இந்தக் கடைசி வகை அதிகமாகும் என்பது அவர் கண்டது.

அதே 1932-ல் வெளியான ஒரு நூலில், சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே கோலி விளையாடும் சிறுவர்களைப் பற்றி எழுதினார். மிகச் சின்னப் பிள்ளைகள் விதியைப் பின்பற்றுவதாகச் சொல்வார்கள். ஆனால் ஆளுக்கொரு விதத்தில் ஆடுவார்கள். கேட்டால், எல்லோருமே ஜெயித்ததாகச் சொல்வார்கள். ஏழெட்டு வயதில்தான் 'ஒரே விதி, எல்லாருக்கும்' என்ற எண்ணம் பிடிபடத் தொடங்குகிறது. விதி என்பது வானத்திலிருந்து வந்ததல்ல, எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்பது அதற்கும் பிறகுதான் புரிகிறது.

இதிலிருந்து ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் கிடைக்கும் நடைமுறைக் கணக்கு இது:

- 1, 2-ஆம் வகுப்பு: இரண்டு, மூன்று பேர் சேர்ந்து செய்யும் சின்ன வேலை. முறை வைத்து ஆடுவது, காத்திருப்பது, பொருளைப் பகிர்வது. இதுவே பெரிய சாதனை.
- 3-ஆம் வகுப்பு: நாலைந்து பேர், ஒரே இலக்கு, ஒன்றிரண்டு விதி.
- 4, 5-ஆம் வகுப்பு: ஆளுக்கொரு பொறுப்பு, முன்கூட்டியே திட்டமிடல், விதியைத் தாங்களே மாற்றிப் பார்ப்பது.

இந்த வயதுக் குழந்தைகள் விளையாடும் நேரத்தைவிட "அவுட்டா, இல்லையா" என்று வாதாடும் நேரம் அதிகம். பெரியவர்களுக்கு அது நேர விரயமாகத் தெரியும். உண்மையில் பேரம் பேசுவதும், விட்டுக்கொடுப்பதும், நியாயம் கேட்பதும் நடப்பது அந்த வாதத்தில்தான்.

போட்டி வைத்தால் குழு உணர்வு வரும்தானே?

வரும். ஆனால் எப்படிப்பட்ட குழு உணர்வு என்பதில்தான் சிக்கல்.

சமூக உளவியலில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு பரிசோதனை 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், 'ராபர்ஸ் கேவ்' என்ற பூங்காவில் நடந்தது. நடத்தியவர் முசாஃபர் ஷெரிஃப். சுமார் 11 வயதுள்ள 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, கோடைக்கால முகாமுக்கு அழைத்துப்போனார்கள். முதலில் ஒரு குழு இருப்பதே இன்னொரு குழுவுக்குத் தெரியாது. பிறகு இரண்டுக்கும் நடுவே பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவர்களுக்குப் பரிசு. அவ்வளவுதான். கிண்டல் வசவானது, வசவு கொடி எரிப்பானது. ஒரு குழு இன்னொரு குழுவின் அறைக்குள் புகுந்து பொருட்களைக் கலைத்தது. தன் குழுவுக்குள் ஒற்றுமை பலமாக இருந்தது உண்மை. அந்த ஒற்றுமையின் மறுபக்கம் வெறுப்பாக இருந்தது.

சேர்த்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள், சினிமா காட்டினார்கள். எதுவும் வேலைக்கு ஆகவில்லை. பிறகு முகாமின் தண்ணீர் நின்றுபோனது. எங்கே அடைப்பு என்று இரண்டு குழுவும் சேர்ந்து தேட வேண்டியிருந்தது. சாப்பாடு கொண்டுவரும் லாரி 'ஸ்டார்ட்' ஆகவில்லை; எல்லோரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். இந்தச் சிக்கல்கள் ஆய்வாளர்களே ஏற்பாடு செய்தவை. தனியாக யாராலும் முடியாத, எல்லோருக்கும் தேவையான ஒரு வேலை வந்தபோதுதான் பகை கரையத் தொடங்கியது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. முந்தைய ஆண்டு, 1953-ல், நியூயார்க் மாநிலத்தில் ஷெரிஃப் இதே மாதிரி ஒரு முகாம் நடத்தினார். அங்கே சிறுவர்கள் முதலில் எல்லோரோடும் கலந்து பழகி நண்பர்களாகிவிட்டார்கள். அதன்பிறகு பிரித்துப் போட்டியிட வைத்தும், பகைத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். பரிசோதனை பாதியில் கைவிடப்பட்டது. சிறுவர்களுக்குத் தெரியாமலேயே அவர்களைத் தூண்டிவிட்ட இந்த ஆய்வுகளுக்கு இன்று அனுமதி கிடைக்காது, விமர்சனங்களும் நிறைய. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய பாடம் கிடைக்கிறது. நிரந்தரமாகப் பிரித்து மோதவிட்டால் குழு வளரும், கூடவே பகையும் வளரும். கலந்து பழகவிட்டு, அணிகளை மாற்றிக்கொண்டே இருந்தால் போட்டி போட்டியாக மட்டும் நிற்கும்.

வருடம் முழுக்க ஒரே 'ரெட் ஹவுஸ்', 'ப்ளூ ஹவுஸ்' என்று இருக்கும் பள்ளிகள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

நம் ஊர் விளையாட்டுகளில் இது இல்லையா?

தாராளமாக இருக்கிறது. புதிதாக எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆனால் எந்த விளையாட்டு எந்தப் பழக்கத்தைத் தருகிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

கோ-கோவை எடுத்துக்கொள்ளுங்கள். துரத்தும் அணியில் ஒன்பது பேர். எட்டுப் பேர் வரிசையாக, ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர் திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஓடுபவர் ஒருவர்தான். அவர் நினைத்தபடி திரும்ப முடியாது, நடுக்கோட்டைத் தாண்டவும் முடியாது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் முதுகைத் தொட்டு "கோ" கொடுத்தே ஆக வேண்டும். 'நானே பிடிச்சிடறேன்' என்று அடம்பிடிப்பவரால் அணி தோற்கும். சரியான நேரத்தில் விட்டுக்கொடுப்பவரால் ஜெயிக்கும். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை இந்திய ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டுமே வென்றன. அந்த ஆட்டத்துக்கு ஒரு சமதளமான தரை போதும்.

தமிழ்நாட்டின் மாநில விளையாட்டான கபடியில் இன்னொரு அழகு. அவுட் ஆனவர் அதோடு முடிந்துபோவதில்லை. தன் அணி ஒரு பாயின்ட் எடுத்தால் அவர் மறுபடி உள்ளே வருவார். ஒருவரின் வெற்றி இன்னொருவரை மீட்கிறது. பிடிக்கும்போது கைகோத்து நிற்கும் சங்கிலியில் ஒருவர் அவசரப்பட்டாலும் கை விடுபடும்.

ஏழு கல்லை அடுக்கிப் பந்தால் கலைத்து, எதிரணி பந்தால் அடிப்பதற்குள் மறுபடி அடுக்கும் ஆட்டத்தில், சிலர் எதிரணியின் கவனத்தைத் திருப்ப, சிலர் கல்லை அடுக்குவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வேலைப் பிரிவினை வந்துவிடும். 'பூப்பறிக்க வருகிறோம்' ஆட்டத்தில் இழுபட்டவர் எதிரணிக்கே போய்ச் சேர்ந்துவிடுவார். ஐந்து நிமிடத்துக்கு முன் எதிரி, இப்போது நம்மாள்! அணி என்பது நிரந்தரம் இல்லை என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கண்டுபிடிப்பு, 'ஒப்புக்குச் சப்பாணி'. அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த நாலு வயதுத் தம்பியை விரட்டவும் முடியாது, ஆட்டத்தில் சேர்த்தால் தோற்றுவிடுவோம். அதற்குத் தெருப்பிள்ளைகள் கண்ட வழி இது. அவன் ஓடலாம், தொடலாம், கத்தலாம். அவுட் மட்டும் கிடையாது. பெயரில் இருக்கும் சொல் இன்று உறுத்தும், அதைத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 'எல்லோரும் உள்ளே இருக்கணும், அதுக்கு ஏத்த மாதிரி விதியை வளைப்போம்' என்ற யோசனையை எந்தப் பயிற்சிப் பட்டறையும் இல்லாமல் குழந்தைகளே உருவாக்கினார்கள்.

அதே நேரத்தில், பழையது எல்லாமே பொன் என்று சொல்லவும் முடியாது. யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளி நிறுத்துவது என்பதில் தெருவுக்கென்று சாதியும் பாகுபாடும் இருந்தன. பெண் பிள்ளைகள் ஒரு வயதுக்கு மேல் வீட்டுக்குள் போனார்கள்.

அப்படியானால் பள்ளியில் என்ன செய்யலாம்?

செலவில்லாமல், ஒரு வகுப்பறை அளவு இடத்தில் செய்யக்கூடிய சில விளையாட்டுகள்:

1. புடவைப் பந்து: பழைய நூல் புடவை ஒன்றை எட்டு, பத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு பந்து. கீழே விழாமல் எத்தனை முறை தூக்கிப் போட்டுப் பிடிக்க முடிகிறது? யாராவது ஒருவர் பலமாக இழுத்தாலும் பந்து ஓடிவிடும். பழகிய பிறகு, ஒரு புடவையிலிருந்து இன்னொரு புடவைக்குப் பந்தை மாற்றச் சொல்லலாம். ஒன்றாம் வகுப்புக்கே ஏற்றது.

2. குறையும் தீவு: மியூசிக்கல் சேரைத் தலைகீழாகத் திருப்பிய ஆட்டம். தரையில் நாளிதழ் விரிப்புகள். பாட்டு நின்றதும் எல்லோரும் ஏதாவது ஒரு தாளில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எடுக்கப்படுவது தாள்தான், ஆள் இல்லை. கடைசியில் இரண்டு மூன்று தாளில் அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

3. பேசாத வரிசை: வாயைத் திறக்காமல், பிறந்த மாதத்தின்படி வரிசையாக நிற்க வேண்டும். விரல், சைகை, கண் மட்டும். மூன்றாம் வகுப்புக்கு மேல். எப்போதும் சத்தமாகப் பேசி அதிகாரம் செய்யும் பிள்ளை இதில் கேட்கவும் பார்க்கவும் பழகும். பேசத் தயங்கும் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு.

4. கயிற்று வடிவம்: முனைகள் முடிச்சிட்ட நீளமான கயிற்றை ஆறேழு பேர் பிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சதுரம் செய்ய வேண்டும், பிறகு முக்கோணம். 'மூலையில் யார் நிற்பது?' என்று பேசி முடிவெடுத்தால்தான் முடியும். நாலு, ஐந்தாம் வகுப்புக்கு. கணக்குப் பாடமும் சேர்ந்தே நடக்கும்.

5. ஆளுக்கொரு துண்டு: இது பாடத்துக்கான விளையாட்டு. 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் ஒரே பள்ளிக்கு வந்தபோது மோதல் மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் தன் மாணவர்களோடு உருவாக்கிய முறை இது. ஒரு பாடத்தை ஐந்து துண்டாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுப்பார்கள். தன் துண்டைப் படித்து மற்ற நால்வருக்கும் சொல்லித்தர வேண்டும். ஒருவர் சொல்வதைக் கேட்காமல் விட்டால் பாடத்தில் அந்த இடம் காலி. ஒதுக்கப்பட்ட பிள்ளையின் குரல் அப்போது எல்லோருக்கும் தேவையாகிவிடுகிறது.

விளையாட்டு எதுவாக இருந்தாலும் ஆசிரியர் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, கேப்டன்கள் ஆள் எடுக்கும் முறையை நிறுத்துவது. "நான் அவனை எடுத்துக்கறேன்" என்று ஒவ்வொருவராகப் போய், கடைசியில் யாருக்கும் வேண்டாதவராக ஒரு குழந்தை நிற்கும். வாரா வாரம் அதே குழந்தை. சாட் பூட் த்ரீ போடலாம், வண்ணச் சீட்டு எடுக்கச் சொல்லலாம், வரிசை எண்ணை ஒற்றை - இரட்டையாகப் பிரிக்கலாம்.

இரண்டாவது, அவுட் ஆனால் வெளியே உட்காரும் ஆட்டங்களைக் குறைப்பது. முதலில் அவுட் ஆவது பெரும்பாலும் பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான். அவர்தான் அதிக நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கபடி மாதிரி திரும்ப உள்ளே வர ஒரு வழி வைத்தால் போதும்.

மூன்றாவது, பொறுப்பைச் சுற்றவிடுவது. இன்று நேரம் பார்ப்பவர், நாளை பொருள் எடுத்து வைப்பவர், அடுத்த நாள் விதி சொல்பவர். இல்லாவிட்டால் 'லீடர்' எப்போதும் ஒரே ஆள்தான்.

நான்காவது, முடிந்ததும் ஐந்து நிமிடம் பேசுவது. பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். "எப்போ கஷ்டமா இருந்துச்சு? யார் சொன்ன ஐடியா உதவுச்சு? அடுத்த தடவை என்ன மாத்தலாம்?" மூன்று கேள்வி போதும். 'எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்' என்று அறிவுரை சொல்லத் தேவையில்லை. பதிலைக் குழந்தைகளே சொல்வார்கள்.

சண்டை வந்தால்? அடிதடி, வசவு என்றால் உடனே தலையிட வேண்டும். மற்றபடி, உடனே தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு நிமிடம் விட்டுப் பார்க்கலாம். காய் விட்டவர்கள் பழம் விடுவதற்கும் பழக்கம் வேண்டும். ஒவ்வொரு முறையும் டீச்சரே பஞ்சாயத்து செய்தால் அந்தப் பழக்கம் வராது.

யார் யாரோடு விளையாடுகிறார்கள் என்பது ஏன் முக்கியம்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட சம்பவம் தமிழ்நாட்டை உலுக்கியது. அதையடுத்து, கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைப்பது போன்ற பரிந்துரைகள் அதில் இருந்தன.

இருக்கையை அகர வரிசையில் போடச் சொல்வதற்கான காரணம் மைதானத்துக்கும் பொருந்தும். 'பிடிச்சவங்களோட சேர்ந்துக்கோங்க' என்றால் தெருவின் கோடுகள் அப்படியே மைதானத்தில் விழும். ஆறு வயதில் ஒரே புடவையின் இரண்டு முனையைப் பிடித்தவர்கள், பதினாறு வயதில் கட்டாயம் நண்பர்களாக இருப்பார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒருமுறைகூடச் சேர்ந்து விளையாடாதவர்கள் அந்நியர்களாகவே வளர்வார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் இதே கதைதான். 'நீ ஸ்கோர் எழுது' என்று வருடம் முழுக்க ஓரமாக உட்காரவைப்பது அக்கறை மாதிரி தெரியும். புடவைப் பந்தைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆடலாம். பேசாத வரிசையில், செவித்திறன் குறைந்த குழந்தைதான் வகுப்பிலேயே கெட்டிக்காரராக இருப்பார்.

எது தடையாக இருக்கிறது?

ஆசிரியர்களை மட்டும் குறை சொன்னால் அது நியாயமாகாது.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரை 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டுமே கட்டாயமாக்குகிறது. 1 முதல் 5 வரை அப்படி ஒரு நிபந்தனை இல்லை. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு அதே சட்டம் சொல்வது இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, எல்லாப் பாடம், பதிவேடுகள், ஆன்லைன் பதிவு, காலை உணவு, மதிய உணவு எல்லாம் அந்த இருவர் தலையில். விளையாட்டை யார் நடத்துவது?

தனியார் பள்ளிகளில் சிக்கல் வேறு மாதிரி. சில இடங்களில் மைதானம் என்பது பஸ் நிற்கும் இடம். தேர்வு நெருங்கினால் முதலில் காணாமல் போவது பி.டி. பீரியட். கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் அதைக் கடன் வாங்க வேண்டாம் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடையில் கேட்டுக்கொண்டார் என்றால், பழக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று புரியும்.

நல்ல அடித்தளமும் இருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், குழந்தைகளை பெஞ்சிலிருந்து இறக்கித் தரையில் குழுவாக உட்காரவைத்தது. சக மாணவர் உதவியோடு படிப்பதை முறையாக்கியது. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஆடல், பாடல், பொம்மலாட்டம் வழியாகப் பாடம் நடத்துகிறது. அதில் பிள்ளைகள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். படிப்புக்கு அது தேவைப்படலாம். விளையாட்டில் மூன்றும் கலந்த அணிகளை அமைத்தால், 'அரும்பு' பிள்ளை ஒரு 'மலர்' பிள்ளைக்குப் புடவை பிடிக்கச் சொல்லித்தரும் நாளும் வரும்.

தேசிய கல்விக் கொள்கை 2020, அதையொட்டி 2022-ல் வந்த அடித்தளக் கட்டத்துக்கான பாடத்திட்டச் சட்டகம் ஆகியவையும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிக் கல்வியையே வலியுறுத்துகின்றன. மத்திய - மாநிலக் கொள்கைச் சண்டை மற்ற விஷயங்களில் எப்படி இருந்தாலும், சின்னக் குழந்தைகள் விளையாடிக் கற்க வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இல்லாதது ஆளும் நேரமும் இடமும்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வேலைக்குப் போகும் பெற்றோர் பலரும் இதற்கு விடையாக வார இறுதி கிரிக்கெட் கோச்சிங்கைப் பார்க்கிறார்கள். உடலுக்கு நல்லது. ஆனால் அங்கே அணியைப் பிரிப்பது, விதி சொல்வது, சண்டையைத் தீர்ப்பது எல்லாமே கோச். குழந்தை தானாக முடிவெடுக்கும் இடம் குறைவு. வாரத்தில் இரண்டு மாலையாவது, நாலைந்து பிள்ளைகள், பெரியவர்கள் தூரத்தில் உட்கார்ந்து கவனித்தால் மட்டும் போதும் என்ற அளவில் விளையாட விடலாம். அபார்ட்மென்ட் சங்கத்தில் 'மாலை 5 முதல் 6 வரை கார் பார்க்கிங்கில் இந்தப் பகுதி குழந்தைகளுக்கு' என்று ஒரு தீர்மானம் போட வைப்பது, எந்த ஆப் வாங்குவதையும்விட உபயோகமானது.

மழை நாளில் தாயமோ பரமபதமோ இரண்டிரண்டு பேர் ஜோடியாக ஆடலாம். காய் நகர்த்துவதை ஜோடி பேசி முடிவெடுக்க வேண்டும். "ஜெயிச்சியா?" என்று கேட்பதற்குப் பதில், "இன்னைக்கு யாரோட விளையாடின? யாராவது தனியா நின்னாங்களா?" என்று கேட்டுப் பார்க்கலாம். எது முக்கியம் என்று அந்தக் கேள்வியே குழந்தைக்குச் சொல்லிவிடும்.

பலன் தெரிய எவ்வளவு நாள் ஆகும்?

இதற்கு மார்க் கிடையாது. ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து செய்தால் சில அடையாளங்கள் தெரியும். அணி பிரிக்க ஆகும் நேரம் குறையும். "டீச்சர், இவன் ஏமாத்தறான்" என்ற புகார் குறைந்து, "சரி, மறுபடி போடு" என்பது கூடும். பந்து புதிய கைகளுக்குப் போகும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு யாராவது ஒருவர் விதி சொல்லிக்கொடுப்பார். ஓரமாக நிற்பவர்களின் எண்ணிக்கையை எண்ணிப் பார்ப்பதுதான் எளிய அளவுகோல்.

அந்த நாலாம் வகுப்புக்கே திரும்பலாம். அதே 40 பேர், அதே மைதானம், அதே ஒரு பந்து. கூடவே வீட்டிலிருந்து கொண்டுவந்த நாலு பழைய புடவைகள், நாலு வண்ணச் சீட்டு. நோட்டுத் திருத்துவதை ஒரு நாள் மட்டும் தள்ளிப்போட்டால், பந்து ஒரு புடவையிலிருந்து அடுத்த புடவைக்குப் போகும்போது 40 பேரும் கத்துவதைக் கேட்கலாம்.